ஒன்பதாம் இடத்தில் விழுந்த டிக்

"வாட்ச்மேன் ஓடுற கம்ப்யூட்டர்ப் பெட்டி செத்துப்போச்சு சார்!" என்று மேலாளர் மூச்சிரைக்க வந்து நின்றபோது, பெரியவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. வெளியே சொல்ல முடியாத குளிர்ச்சி.

மேலாளர் தேடி வந்தது பக்கத்து மேஜைக்காரரை. அந்த அலுவலகத்தில் எது பழுதானாலும் காரணத்தைத் தோண்டி எடுப்பவர் அவர்தான். தலை போகிற அவசரத்திலும் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்பதால் 'நிதானம்' என்று பட்டப்பெயர். "வாட்ச்மேன் விவகாரமா? அப்ப நீங்களும் வாங்கம்மா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பெரியவள் எழுந்துவிட்டாள்.

வாட்ச்மேன் என்பது ஒரு நிரல். கணினியின் இயங்குதளத்துக்கு நடுக்கருவாக இருக்கும் கெர்னலுக்குள் நுழைய வெளியிலிருந்து குட்டி நிரல்கள் வரும். அவை போகக்கூடிய வழியெல்லாம் வாட்ச்மேன் முதலில் தான் நடந்து பார்க்கும். எங்காவது முடிவில்லாமல் சுற்றுகிற நிரல் என்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். தவறி உள்ளே விட்டால் போச்சு, அது செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், மற்ற வேலை எதுவும் நடக்காது. ஆறு வருஷத்துக்கு முன்பு வாட்ச்மேனை எழுதியவள் பெரியவள். போன வாரம் அதைப் பத்து மடங்கு வேகமாக்கியவள் சின்னவள்.

சின்னவள் வேறு யாருமில்லை, பெரியவளின் ஓரகத்திதான். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அதே வீட்டுக்கு வந்தாள், சரி. அதே அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்தாளே! வீட்டில் மாமியார், "சின்னவ கை பட்டாலே தனி ருசி" என்பார். இங்கே மேலாளர், "சின்னவங்க கை பட்டதும் பறக்குதே!" என்பார். ஆறு வருஷம் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? பெரியவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறென்ன பெயர் வைப்பது?

சோதனை அறையில் திரையின் கடிகாரம் 11:20-இல் நின்றிருந்தது. சுவரில் மணி பன்னிரண்டரை. சின்னவள் மூலையில் கண் சிவந்து நின்றாள்.

நிதானம் பெட்டியின் முதுகில் கை வைத்தார். "விசிறி இரையுது, பெட்டி கொதிக்குது. செத்தது இப்படி மூச்சு வாங்காது. உள்ள ஏதோ ஓயாம சுத்துது."

"அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வார்டு மானிட்டர்ல ஏத்த வேண்டியது சார்!" மேலாளர் குரலைத் தாழ்த்தவில்லை. "சாயங்காலமே சின்னவங்கள இந்த வேலையிலேருந்து தூக்கிடறேன்."

"சுத்துறதைப் பிடிக்கிற பகுதியையே அவ எடுத்திருப்பா சார். எல்லாம் வேகம், வேகம்" என்று பெரியவள் எடுத்துக் கொடுத்தாள்.

நிதானம் பக்கத்துக் கணினியில் வாட்ச்மேனின் வரிகளைப் படித்துப் பார்த்தார். "இல்லையே, நீங்க எழுதினது அப்படியே இருக்கு. நடந்துட்டிருக்கும்போது எதுவும் மாறாம அதே இடத்துக்குத் திரும்ப வந்தா, 'முடிவில்லாச் சுற்று'ன்னு கத்தணும். கத்தல." அவர் நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தார். "கண்ணாடி புதுசாம்மா?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் சார் கைக்கு வந்துச்சு. பழசு உடைஞ்சு மூணு நாள், எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரிஞ்சுது."

"சின்னவங்க செஞ்ச மாற்றத்தைப் படிச்சுட்டுத்தானே ஒப்புதல் கொடுத்தீங்க?" என்று மேலாளர் குறுக்கே கேட்டார்.

"ஒரு வரி விடாம படிச்சேன்" என்றாள் பெரியவள். கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

அந்த நிரலுக்குள் வாட்ச்மேன் நடந்து பார்த்த நடைக்குறிப்பை நிதானம் அதே கணினியில் விரித்தார்.

'ஒன்பதாம் இடம்: நுழைந்தேன். பதினான்காம் இடம்: தாண்டினேன். ஒன்பதாம் இடம்: ஏற்கெனவே பார்த்தது, நல்லது. அனுமதி.'

"பாத்தாச்சுன்னுதானே சொல்லுது?" என்றாள் பெரியவள்.

"சொல்லுது. எப்ப பாத்து முடிச்சுதாம்?" என்று கேட்டுவிட்டு அவர் காபி குடிக்கப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு நால்வரும் அதே அறையில் கூடினார்கள்.

"சின்னவங்க வாட்ச்மேனுக்கு ஒரு நோட்டு கொடுத்தாங்க" என்று நிதானம் தொடங்கினார். "ரெண்டு வழி ஒரே இடத்துல, ஒரே நிலைமையில வந்து சேர்ந்தா, ரெண்டு தடவை எதுக்குப் பாக்கணும்? பாத்த இடத்துக்கு டிக். டிக் இருந்தா மேல போக வேண்டாம். அருமையான யோசனை. ஆனா டிக், பாத்து முடிச்சப்புறம் விழணும். இங்க நுழையும்போதே விழுந்துடுது. சுத்தி வந்து அதே இடத்துல நிக்கிற வாட்ச்மேன், தான் போட்ட டிக்கைத் தானே பாத்து, 'இது நல்ல இடம்'னு நம்பிடுச்சு. சுத்துறதைப் பிடிக்க பெரியவங்க எழுதின சோதனைக்கு வேலையே வரல."

"அப்ப சின்னவங்க தப்புதானே?" என்றார் மேலாளர்.

"என் தப்புதான் சார்" என்று சின்னவள் முணுமுணுத்தாள்.

நிதானம் மாற்றத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். நானூறாவது வரிக்குக் கீழே ஒரு குறிப்பு: 'அக்கா, டிக் நுழையும்போதா, முடிச்சப்புறமா? எனக்குச் சந்தேகமா இருக்கு. நீங்க பாத்துச் சொல்லுங்க.' பதில் எதுவும் இல்லை. அடியில் ஒப்புதல் மட்டும், செவ்வாய்க்கிழமை காலை 9:40.

"செவ்வாய்க்கிழமை காலை" என்று மெதுவாகச் சொன்ன நிதானம், பெரியவளின் புதுக் கண்ணாடியைப் பார்த்தார்.

மேலாளருக்கு இன்னும் புரியவில்லை. பெரியவள் சும்மா இருந்தால் போதும், சாயங்காலம் சின்னவள் இந்த வேலையிலிருந்து போய்விடுவாள். பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"நான் படிக்கல" என்றாள் பெரியவள். "கண்ணாடி இல்லைங்கிறது சாக்கு. இருந்திருந்தாலும் படிச்சிருக்க மாட்டேன். மேல அவ பேர் இருந்துச்சு, பாத்ததும் எரிச்சல். பட்டனை அமுக்கிட்டேன். முடிக்காததுக்கு முதல்ல டிக் போட்டது நான்தான் சார்."



"நானும் சோதிச்சுப் பாத்திருக்கணும் சார்" என்றாள் சின்னவள். "அக்கா பாத்துப்பாங்கன்னு விட்டுட்டேன். பாதி என்னுது. அக்காவே திருத்தட்டும். வாட்ச்மேனோட உள்ளும் புறமும் அவங்களுக்குத்தான் தெரியும்."

பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் வரியிலிருந்து நானூறாவது வரிவரை படித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள், பாவி. டிக் போடும் வரியை இடம் மாற்றி, பெட்டியை அணைத்துப் போட்டு, அதே நிரலை மறுபடி வாசலில் நிறுத்தினாள். ஆறு வருஷத்துக்கு முன்பு அவள் எழுதிய வார்த்தைகள் திரையில் வந்தன: 'முடிவில்லாச் சுற்று. அனுமதி இல்லை.'

"பாத்தீங்களா! அக்கா எழுதினதுதான் பிடிச்சுது!" என்று சின்னவள் கைதட்டினாள்.

மேலாளர் நெகிழ்ந்துபோனார். "நீங்க எங்கயும் போக வேண்டாம்மா. உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு!"

அவர் சொன்னது சின்னவளிடம். பெரியவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இந்த நல்ல பேரையும் இவளே தட்டிக்கொண்டு போய்விட்டாளே!