தலைமாட்டுக் கறை

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் நெய்தல் நகர் பதினாலாவது மாடி முழுக்கப் பீரோ நகரும் சத்தம் கேட்கும். வடிவாம்பாள் வண்ண அட்டையோடு கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். சுவரில் எங்கே மஞ்சள் கூடியிருக்கிறதோ அங்கே பீரோவைத் தள்ளி மறைப்பார்கள். வடிவாம்பாளும் உள்ளே நுழைந்ததும் நேராகப் பீரோவுக்குப் பின்னால்தான் எட்டிப் பார்ப்பாள். பதினோரு வருடமாக நடக்கிற கூத்து. இரண்டு தரப்புக்கும் அலுக்கவில்லை.

அட்டையில் ஒன்பது கட்டங்கள். முதல் கட்டம் வெள்ளை, ஒன்பதாவது அழுகிய ஆரஞ்சு. ஏழாவது கட்டத்தைத் தாண்டினால் சுரண்டல் படை வந்து சுவரைச் சுரண்டிப் புதுப்பூச்சு பூசும். மாடியே வேடிக்கை பார்க்கும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அதன் பிறகு வரன் அமைவது சிரமம். குடியிருப்போர் சங்கத்தில் வடிவாம்பாளின் பதவிக்குச் 'சுவர்ப் பார்வையாளர்' என்று பெயர். சம்பளம் கிடையாது. ஆனால் முப்பத்திரண்டு வீட்டுப் படுக்கையறைக்குள்ளும் கதவைத் தட்டிவிட்டுப் போகலாம். அவளுக்கு அதைவிட என்ன சம்பளம் வேண்டும்?

வெளியே வெயில் ஐம்பது டிகிரியைத் தொட்ட காலத்தில் சன்னல்களை நிரந்தரமாக அடைத்தார்கள். அடைத்த பெட்டிக்குள் முப்பது மாடி மனிதர்களின் வியர்வையும் மீன் குழம்பும் என்ன ஆகும்? அதற்காக வந்ததுதான் மணவாங்கிப் பூச்சு. எந்த மணம் கிளம்பினாலும் ஒரு சாண் தாண்டுவதற்குள் சுவர் இழுத்துக்கொள்ளும்; இழுக்க இழுக்க மஞ்சளாகும். முப்பத்து மூன்று வருடமாக நெய்தல் நகரில் எதற்கும் மணமில்லை. 'நாற்றம்' என்பது பெரியவர்கள் எதிரில் சொல்லக்கூடாத வார்த்தை. மனிதர்கள் பேசும்போது ஒரு முழம் தள்ளி நிற்பார்கள். அதற்குக் கௌரவ தூரம் என்று பெயர். கட்டிலிலும் அதே தூரம்தான்.

ஒன்பதாம் எண் வீட்டில் பீரோ நகரவில்லை. கில்பர்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கார்த்திகையில் மனைவி பிலோமினாவைப் பறிகொடுத்தவர். ஏழு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். துக்க வீடு என்று அதுவரை வடிவாம்பாள் அங்கே சுவர் பார்க்கப் போகவில்லை.

"வாங்க வடிவு. எதையும் மறைக்கல. நேரா உள்ள போங்க."

வடிவாம்பாளுக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. மறைக்காத வீட்டில் என்ன பார்ப்பது? ஆனால் படுக்கையறைச் சுவரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். கட்டிலின் தலைமாட்டில், பிலோமினா படுத்த பக்கம், கறை ஆரஞ்சாகப் பழுத்திருந்தது. அதன் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

"என்ன அண்ணே இது, சுவத்துக்குத் தேமல் வந்த மாதிரி?"

"நான்தான் எடுத்தேன். வெந்நீர்ல எலுமிச்சை உப்பைக் கரைச்சுத் துணியில நனைச்சு ஒத்தி ஒத்தி."

கில்பர்ட் பூச்சுத் தொழிற்சாலையின் கலவைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் இருந்தவர். மோப்ப சக்தியில் முக்கால்வாசியை அங்கே பறிகொடுத்துவிட்டு வந்தவர்.

"ஹைட்ரசின்னு ஒரு ஆத்தாக்காரி இருக்கா, வடிவு. ராக்கெட்டுக்கு எரிபொருள். மூச்சுல பட்டா ஆளையே சாய்ச்சுடுவா. ஆனா பெத்ததெல்லாம் நல்ல உத்தியோகத்துல இருக்கு. ஒருத்தன் காசநோய்க்கு மாத்திரை. ஒருத்தன் கிடங்குல உருளைக்கிழங்கு முளைக்காமப் பாத்துக்கறான். ஹைட்ரசைடுன்னு ஒரு வகை நம்ம வீட்டுச் சுவத்துல உக்காந்திருக்கு."

"குடும்பக் கதை இருக்கட்டும். திட்டு எப்படி வந்துது?"

"சொல்றேன். எல்லாப் பிள்ளைக்கும் ஆத்தா ஜாடை. ரெண்டு நைட்ரஜன் தோளோட தோள் ஒட்டி நிக்கும். நம்ம சுவத்துல இருக்கிறதுக்குக் கடைசி நைட்ரஜனோட கை சும்மா இருக்கும். காத்துல ஆல்டிஹைடு, கீட்டோன் எது வந்தாலும் கப்புனு பிடிச்சுக்கும். மணத்துல பாதி அந்த ரெண்டுதானே! பிடிச்சா ஹைட்ரசோன். மஞ்சளா சுவத்துலயே கெடக்கும். புளிப்பும் சூடும் பட்டா பிடி தளந்துடும்."

"தளந்தா?"

"பிடிச்சது வெளிய வந்துடும்."

வடிவாம்பாள் சுவரை விட்டு ஓரடி பின்வாங்கினாள். இத்தனை வருடத்துச் சங்கதி இந்த நாலு சுவருக்குள் ஊறிக் கிடக்கிறது. அதை ஒரு மனுஷன் துணியைப் போட்டுப் பிழிந்து எடுக்கிறார்.

"உவ்வே! எதுக்கு அண்ணே இந்த அசிங்கம்?"

"நீங்க கேக்கலாமா?" என்றார் கில்பர்ட். குரல் உயரவில்லை. "போன புரட்டாசியில இந்தச் சுவத்தைப் பாத்துட்டு லிஃப்ட்டுகிட்ட நின்னு என்ன சொன்னீங்க?"

சொன்னது அவளுக்கு ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது. தலைமாட்டுக் கறை குடிகாரனின் கறை என்பது எல்லாச் சுவர்ப் பார்வையாளருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம். சாராயம் உடம்புக்குள் ஆல்டிஹைடாகி மூச்சில் வரும், தலைமாட்டுச் சுவர் குடிக்கும். பார்த்ததும் எதிர்வீட்டு ஷகிலாவிடம், "நமக்குள்ள இருக்கட்டும், பிலோ ராத்திரியில ஊத்திக்கிறா போல" என்றாள். நமக்குள் இருந்த சேதி சாயங்காலத்துக்குள் முப்பதாவது மாடிக்கு ஏறிவிட்டது.

"நான் அவகிட்ட கேட்டேன். பைபிள் மேல கை வெச்சு இல்லைன்னா. நான் நம்பல. அரிசி டப்பாக்குள்ள, தையல் மெஷினுக்கு அடியில, எல்லா எடத்துலயும் பாட்டில் தேடினேன். கெடைக்கலைன்னா இன்னும் கெட்டிக்காரின்னு நெனச்சேன். கடைசி நாள் காலையில ஒளறிக்கிட்டுக் கெடந்தா. மூச்சு வாங்குச்சு. தெளியட்டும்னு கதவைச் சாத்திட்டு வேலைக்குப் போயிட்டேன்."

அவர் திரும்பி வந்தபோது பிலோமினா இல்லை. இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். வருடாந்தர உடல் சோதனை தை மாதத்தில்தான் வரவிருந்தது.

"ஏழு மாசமா சாண் சாணா எடுத்து மோந்து பாக்கறேன். லேசா இனிப்பு மாதிரி படுது. சாராயம் இனிக்குமா, புளிக்குமா, என் மூக்குக்குத் தெரியல. துக்கத்துக்காகத் தள்ளிப் போட்டது, திங்கக்கிழமை சுரண்ட வராங்க. அவ தலையணைக்கு நேரா இந்த ஒரு சாண்தான் பாக்கி. நீங்க மீன் மார்க்கெட்டு ஓரம் பொறந்து வளந்தவங்க. ஆரம்பிச்சு வெச்சது நீங்க. மோந்து பாத்து முடிச்சு வைங்க."

ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் ஆதாரத்தோடு ஒரு சேதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வடிவாம்பாளின் கால் எப்போது ஓடியிருக்கிறது? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலில் ஏறி மண்டியிட்டாள்.

கில்பர்ட் ஆவி பறக்கும் துணியைச் சுவரில் அழுத்திப் பிடித்தார். ஆரஞ்சு வெளிறத் தொடங்கியதும் துணியை எடுத்துவிட்டு ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடினார். பத்து எண்ணிவிட்டு, ஓரத்தைத் தூக்கினார்.

முதலில் வந்தது காறல். நாள்பட்ட தேங்காயெண்ணெய், மீன் பொரித்த எண்ணெய், தலையணை உறையில் ஊறிய தலைச்சிக்கு, எல்லாம் ஒன்றாகப் பிசைந்து ஈரத்துணியில் கட்டி வைத்த மாதிரி ஒரு நாற்றம். ஒரு மனுஷியின் தூக்கத்துக்குள் விரலை விட்டுக் கிண்டுவது போலிருந்தது. வடிவாம்பாள் குமட்டிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். காலையில் தின்ற இட்லி வெளியே வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டாம் முறை கிண்ணத்தைத் தூக்கியபோது காறலுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. இனிப்பு. வெடித்து ஈ மொய்க்கும் பலாப்பழத்தில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தை ஊற்றின மாதிரி இனிப்பு.

அவளுக்கு இது தெரியும். எட்டு வயதில், பூச்சு வருவதற்கு முன்னால், காப்பி தம்ளரை நீட்டிய அம்மா அப்பாவின் முகத்தருகே சட்டென்று நின்றாள். "என்னங்க, உங்க வாயில பழம் அழுகின நாத்தம் அடிக்குது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். உடனே ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அதற்கப்புறம் அப்பா இன்சுலின் போட்டுக்கொண்டு பத்தொன்பது வருடம் இருந்தார். தன் வாய் நாறுகிறது என்று ஊரறியச் சொன்னவள் என்று பெண்டாட்டியைக் கடைசிவரை திட்டிக்கொண்டே இருந்தார்.

"சாராயமா?" என்றார் கில்பர்ட்.

"இல்ல."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டார். "பொய் சொல்லல அவ."

"சொல்லல அண்ணே."

அதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப என்ன அது?"

யாரும் கேட்காமலேயே வாழ்நாள் முழுக்கச் சொல்லித் திரிந்தவளுக்கு, ஒருவர் கேட்டபோது நாக்கு எழவில்லை. பழ வாசனை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். ஆனால் சுவரையும் துணியையும் வைத்துக்கொண்டு ஏழு மாதம் உட்கார்ந்திருந்த மனுஷனிடம் அது செல்லாது.

"சர்க்கரை அண்ணே. முத்திப்போனா மூச்சுல இப்படித்தான் வரும். எங்கப்பாவுக்கு வந்துது. எங்கம்மா மோந்துதான் கண்டுபிடிச்சா."

கில்பர்ட் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "அசிட்டோன்" என்றார் மெதுவாக. "கீட்டோன்லயே சின்னது. எங்க கூடத்துல பூச்சு சரியா பிடிக்குதான்னு அதை வெச்சுத்தான் சோதிப்போம். நொடியில பிடிச்சுடும்." கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "குடம் குடமாத் தண்ணி குடிச்சா. போதைத் தாகம்னு நெனச்சேன். பக்கத்துலயே படுத்திருந்தேன், வடிவு. கௌரவமா ஒரு முழம் தள்ளி."

கிண்ணத்தில் இப்போது ஒன்றுமில்லை. மற்ற மூன்று சுவர்களும் அந்த மணத்தை ஏற்கெனவே இழுத்துக்கொண்டுவிட்டன.

வடிவாம்பாள் அட்டையில் எதையும் குறிக்காமல் வீட்டுக்குப் போய் நாலு தரம் பல் தேய்த்தாள். சுவரின் நாற்றம் இரண்டாவது தடவையே போய்விட்டது. லிஃப்ட் அருகே நின்று சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் வாயில் அழுகிக்கொண்டே இருந்தது.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை பீரோக்கள் வழக்கம்போல் நகர்ந்தன. அவள் அட்டை இல்லாமல் வந்தாள். சுவர் பக்கமே திரும்பவில்லை. ஷகிலாவின் எதிரே, கௌரவ தூரத்தைத் தாண்டி, இரண்டு விரல் இடைவெளிக்கு வந்து நின்றாள்.

"வாயைத் திற. ஊது."

"ச்சீ! என்ன அக்கா இது? வயசான காலத்துல கருமம்!" கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

ஒரு வாரத்துக்குள் சங்கம் அவளைப் பதவியிலிருந்து நீக்கியது. கணவர் குமாரசாமி தன் கட்டிலைத் தனியாகப் பிரித்துப் போட்டார். லிஃப்ட் அருகே இப்போது பேசப்படுவது அவள்தான். அடுத்தவர் வாயை மோந்து பார்க்கிற வியாதி, கில்பர்ட் வீட்டிலிருந்து தொற்றிக்கொண்டதாம். அவள் வந்தால் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். ஆனாலும் முதல் சனிக்கிழமை தவறாமல் முப்பத்திரண்டு கதவையும் தட்டுகிறாள். கில்பர்ட் வீட்டைத் தவிர முப்பத்தொன்றும் திறப்பதில்லை.

ஐப்பசியில் ஷகிலாவின் கதவு விரல் அகலத்துக்குத் திறந்தது. ஷகிலா தாழ்வாரத்தின் இரு பக்கமும் பார்த்தாள். எல்லார் முன்னாலும் முக்காட்டை உருவச் சொன்ன மாதிரி முகம் சிவந்திருந்தது. "ரெண்டு நாளா ஒரே தாகமா இருக்கு அக்கா" என்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடுக்கில் வாயை வைத்து ஊதினாள்.

வடிவாம்பாள் மூச்சை உள்ளே இழுத்தாள். முகத்தை எடுக்கவில்லை. இன்னொரு தரம் ஊதச் சொன்னாள்.

"வெங்காயம்" என்றாள் கடைசியில். "வெறும் வெங்காயம்டி. எதுக்கும் நாளைக்கு ரத்தம் குடுத்துப் பாத்துடு."

யாரிடமும் சொல்லாமல் அடுத்த கதவுக்குப் போனாள்.