காலமானவர் கேட்ட கையெழுத்து

"ஐயோ... சா...ர்!"

ஆபீஸ் வராந்தாவிலிருந்து அங்கம்மாவின் அலறல்!

தினகரன் அலுப்போடு பேனாவை மூடினார். குன்னூர் மலைச்சரிவில் இருந்த அந்தச் சின்னக் கல்லூரியில் அவர் தாவரவியல் பேராசிரியர். வேறு யாரும் தலையைக் கொடுக்காததால் பழைய மாணவர் மலருக்கும் ஆசிரியர். செய்திகள், வரும் நிகழ்ச்சிகள், காலமானோர்... எல்லாம் அவர் தலையில்தான். அட்டெண்டர் அங்கம்மா இப்படிக் கத்தினால் பெரும்பாலும் குரங்கு வந்திருக்கும்.

இன்று குரங்கு இல்லை.

"சார்... செத்துட்டாருன்னு மலர்ல போட்டீங்களே, அரவேணு ஊர்க்காரரு வெள்ளியங்கிரி... அவரு வந்து பெஞ்சுல உக்காந்திருக்காருங்க!"

"செத்தவரை எதுக்குக் காக்க வைக்கறே? உள்ள அனுப்பு."

வந்தார். ஐம்பது வயது. கழுத்தில் மஃப்ளர். கையில் புது மலர்.

"ஏனுங்க சார்... உசுரோட இருக்கறவனைக் காலமானோர் பகுதியில போட்டிருக்கீங்களே... நியாயமுங்களா?"

தினகரனின் முகம் சுண்டிப்போனது. தப்பு அவருடையதுதான். மலர் இரண்டு தடவை 'ஆள் இல்லை' என்று தபாலில் திரும்பி வந்தால், காலமானோர் பகுதியில் தள்ளிவிடுவது அவர் வழக்கம். விசாரிக்கத் தெம்பு கிடையாது. தேயிலை விலை விழுந்ததிலிருந்து பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிவிட்டார்கள். எவன் எங்கே இருக்கிறான் என்று யார் கண்டது?

ஆனாலும் வெள்ளியங்கிரியின் பெயரை எழுதும்போது மட்டும் மனசு கனத்தது. நேரில் பார்த்ததில்லை. போஸ்ட் கார்டு பழக்கம்தான். மலரைப் படித்துவிட்டு 'நன்றாக இருந்தது' என்று எழுதிய ஒரே ஜீவன் அவர்!

"மன்னிச்சிடுங்க. உங்களை உயிரோட பார்த்ததுல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!"

"சந்தோஷம் இருக்கட்டுமுங்க. என்ற தேயிலைத் தோட்டத்தை விக்கறேன். ரிசார்ட் கட்டப் போறாங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ் கிளார்க்கோட பக்கத்து ஊட்டுக்காரரு நம்ம காலேஜ்ல படிச்சவராம். அவருக்கு வந்த மலரைக் காட்டி, கிளார்க்கு 'வெள்ளியங்கிரிதான் செத்துட்டாரே'ங்கறாரு! நான் உசுரோட இருக்கேன்னு லெட்டர்பேடுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இன்னிக்கே வேணுமுங்க."

"அருமையான தோட்டம்னு எழுதுவீங்களே... ஏன் விக்கறீங்க?"

"பச்சைத் தேயிலை போற விலைக்கு, பறிக்கற கூலியே கட்டலீங்க. கவாத்துப் பண்ணாம செடியெல்லாம் மரமாயிருச்சு."

பாவம் மனுஷன் என்று நினைத்துக்கொண்டே தினகரன் எழுதத் தொடங்கினார்.

"அடுத்த மாசம் பழைய மாணவர் கூட்டம் இருக்கு. கண்டிப்பா வந்துடணும்."

"வராம இருப்பனுங்களா? போன தடவை பைக்காராவுல என்ன ஜோரா நடந்துச்சு! போட்டிங் போனோம்... பிரியாணி சாப்பிட்டோம்... நன்றியுரை நான்தானுங்களே சொன்னேன்!"

பேனா நின்றது.

ஒரு விநாடிதான்.

"ஆமா... ஆமா... பிரமாதமாப் பேசினீங்க. நாலு பேர் கண்ணு கலங்கிட்டாங்க!"

"ஹி... ஹி... ஏதோ வாயில வந்ததைப் பேசுனனுங்க."

"பிரின்சிபல் சீல் வைக்கணும். ஒரு டீ குடிங்க. இதோ வந்துடறேன்."

பிரின்சிபல் அறைக்குள் நுழைந்தவர் கதவைத் தாழிட்டார். டெலிபோனை எடுத்தார். இன்ஸ்பெக்டர் ஜஸ்டஸ் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்.

"ஜஸ்டஸ்... உடனே வாப்பா! என் ரூம்ல ஒருத்தன் உக்காந்திருக்கான். வெள்ளியங்கிரின்னு சொல்றான். அவன் வெள்ளியங்கிரி இல்லை!"

ஜீப் வந்தபோது ஆசாமி இரண்டாவது டீயில் இருந்தான். காக்கியைக் கண்டதும் ஜன்னலுக்குப் பாய்ந்தான். கீழே எட்டிப் பார்த்தான். அதல பாதாளம்!

பேசாமல் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

பெயர் சுடலைமுத்து. நிலத் தரகன். விற்கமாட்டேன் என்று அடம்பிடித்த தனிக்கட்டை வெள்ளியங்கிரியைக் கழுத்தை நெரித்துக் கொன்று, அவருடைய தோட்டத்திலேயே புதைத்திருந்தான். தலைக்கு மேல் வளர்ந்துவிட்ட தேயிலைக்குள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பறிக்க ஆள் வந்தால்தானே!

சாயங்காலம் தோண்டி எடுத்தார்கள். தன்னுடைய ஒரே வாசகரைத் தினகரன் முதல் தடவையாக நேரில் பார்த்தார். அப்படியே சரிவில் உட்கார்ந்து அழுதார்.

"விசாரிக்காம எழுதினேன் ஜஸ்டஸ்... அது பொய்யாவே இருந்திருக்கக்கூடாதா?"

"நீங்க எழுதலேன்னா இந்நேரம் இவன் தோட்டத்தை வித்துட்டுப் போயிருப்பான் சார். எழுந்திருங்க."

விலங்கு மாட்டியிருந்த சுடலைமுத்துவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"எங்க சார் கோட்டை விட்டேன்? அந்தாளு ஊட்டுல இருந்த பழைய மலரை வரி விடாம மனப்பாடம் பண்ணிட்டு வந்தனே! 'பைக்காராவில் சிறப்பாக நடந்தது... வெள்ளியங்கிரி நன்றி கூறினார்'னு அச்சுல போட்டிருந்தீங்களே!"

தினகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதில் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது.

"பிரஸ்காரன் இழுத்தடிப்பான். அதனால கூட்டம் நடக்கறதுக்கு முன்னாடியே, நடந்து முடிஞ்சதா எழுதிக் குடுத்துடுவோம். அன்னிக்குப் பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு மலை பூரா சாலை மறியல். பைக்காராவுக்கு ஒரு ஈ காக்கா வரலை. நானே போகலை!"

சுடலைமுத்து வாயைப் பிளந்தான்.

"அப்ப மலர்ல வர்றதெல்லாம்...?"

ஜஸ்டஸ் அவனை ஜீப்புக்குள் தள்ளினார்.

"இதுக்குத்தான்டா காலேஜ்ல ஒழுங்காப் படிச்சிருக்கணும்கறது... எங்க காலேஜ்ல படிச்ச எவனும் அந்த மலரை நம்பமாட்டான்!"