மூச்சு வாங்காத பாட்டு

பாட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தேய்க்கும் சத்தம்தான் இல்லை.

லமாரா தாழியின் வாயருகே மண்தரையில் உட்கார்ந்திருந்தாள். கணவன் தெங்கிஸின் அக்குளுக்கடியில் கட்டி மேலே விட்டிருந்த கயிற்றின் நுனி அவள் கையில் சுற்றியிருந்தது. கழுத்துவரை மண்ணில் புதைந்த பதினொரு தாழிகள் அந்த நீண்ட அறையில். எட்டுத் தலைமுறையாகத் தெங்கிஸின் குடும்பம் அவற்றில்தான் கறுப்புத் திராட்சையை மிதித்து ஊற்றி மது ஆக்கி வந்தது. இன்று அவன் இறங்கியிருப்பது கடைசித் தாழி. இரண்டு ஆள் ஆழம், தோள் நுழையும் அளவுக்கே வாய். உள்ளிருந்து கந்தகமும் புளித்த அடிவண்டலும் ஈரமண்ணும் கலந்த வாடை மெல்ல ஏறி வந்து, கதவு வழியே விழுந்த பகல் வெயிலிலும் கரையாமல் அவள் முகத்தருகே நின்றது. முதுகு சுட்டது. கயிறு பிடித்த கை மட்டும் சில்லிட்டிருந்தது.

தாழி கழுவ இறங்குகிறவன் பாடிக்கொண்டேதான் தேய்க்க வேண்டும். அலசானி ஆற்றங்கரையில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். அடியில் தேங்கும் காற்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஆளைத் தூங்க வைத்துக் கொன்றுவிடும். பாட்டு நின்றால் மேலே இருப்பவள் கயிற்றை இழுக்க வேண்டும். நிற்காவிட்டால் என்ன செய்வதென்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

போன வருஷம் எச்சில் துப்ப அவன் ஒரு நொடி நிறுத்தியதற்கே இவள் ஊரைக் கூட்டிவிட்டாள். நாலு பேர் ஓடி வந்து, பசுவின் வயிற்றிலிருந்து கன்றை இழுப்பதுபோல அவனை இழுத்துப் போட்டார்கள். அறுவடை முடியும்வரை எந்த விருந்திலும் முதல் கோப்பையைக் கேலியாக உயர்த்தியது அந்தக் கன்றுக்குட்டிக்குத்தான். அவமானம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. வழக்கமாக இறங்குமுன் தாழியின் மூடியைத் திறந்து இரண்டு நாள் காற்றாட விடுவார்கள். ஆலங்கட்டி மழை வருகிறதென்று அறுவடையை முன்னால் இழுத்ததில் இந்த முறை காலையில் திறந்து காலையிலேயே இறங்கிவிட்டான். நாளைக்குப் பார்க்கலாமே என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"பாட்டு கேக்குற வரைக்கும் யாரையும் கூப்பிடாத, தாயே. இந்த வருஷமும் என்னைக் கன்னுக்குட்டி ஆக்கிடாத" என்று சொல்லிவிட்டுத்தான் காலை உள்ளே விட்டான்.

முதலில் செர்ரி மரப்பட்டையால் தேய்க்கும் சரக் சரக் சத்தமும் பாட்டும் சேர்ந்தே வந்தன. சத்தம் எப்போது நின்றது? அவளுக்கு நினைவில்லை. மாடிப்படி ஏறினாலே இளைக்கிறவன் இவன், அத்தனை சிகரெட் புகை. இப்போது பாட்டின் ஓர் அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். இடைவெளியே இல்லை. அவன் மூச்சே வாங்கவில்லை.

"தெங்கிஸ், ஒரு தடவை என் பேரைச் சொல்லேன்."

பாட்டு.

கயிற்றைச் சுண்டினாள். பதிலுக்குக் கயிறு அசையவில்லை. கூப்பிடலாமா? கூப்பிட்டால் சிரிப்பார்கள். பாழாய்ப்போன அந்த வெட்கத்தில் பாட்டில் இன்னும் இரண்டு அடிகள் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஓடிப்போய் மதிலுக்கு அப்பால் இருந்த ஜும்பரைக் கூப்பிட்டாள். வயதில் மூத்தவர், போன வருஷம் இழுத்த நாலு பேரில் ஒருவர். ரொட்டியை மென்றபடியே வந்து குனிந்து கேட்டார்.

"நல்லாத்தானேம்மா பாடுறான். கல்யாணத்துலகூட இவ்ளோ சுதியோட பாடுனதில்லையே."

"அதான் அண்ணே பயமா இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டேதான் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கம்பியில் கட்டி இறக்கினார். ஒரு முழம் இறங்கியதும் சுடர் அணைந்தது. சிரிப்பு நின்றது. இருவரும் கயிற்றை இழுத்தார்கள். கனம். துவண்ட கனம். தலைமுடி தெரிந்தது. நெற்றி. நீலம் பாரித்த உதடுகள், இறுக மூடியிருந்தன.

பாட்டு மட்டும் கீழே கேட்டுக்கொண்டிருந்தது.

ஜும்பர் அவனைத் தரையில் கிடத்திக் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தார். "எப்பவோ போயிட்டான்மா" என்றார். டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்று எழுந்தவர் தாழியைப் பார்க்காமலே வெளியே ஓடினார்.

லமாரா அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஜில்லென்றிருந்தது. செத்துக்கொண்டிருந்தவனுக்கு மேலே உட்கார்ந்து நான் பாட்டுக் கேட்டிருக்கிறேன். எட்டிக் கல்மூடியை இழுத்துத் தாழியின் வாயில் தள்ளினாள். மூடியது.

அடியில் பாட்டு தொடர்ந்தது. அவன் குரல்தான். இப்போது அதன்மேல் இன்னொரு குரல் ஏறியது, வயதான குரல், அவள் ஒருநாளும் கேட்டிராத குரல். இரண்டும் சேர்ந்து ஓரிடத்தில் இழுத்து நின்றன. காத்திருந்தன. அந்த ஊரில் எந்தப் பாட்டுக்கும் மூன்று குரல் வேண்டும்.

அவள் தொண்டை அதிர்ந்தது.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். பற்களைக் கடித்தாள். விரலிடுக்குகளின் வழியே ஓர் ஆணின் கனத்த அடிக்குரல், சுதி பிசகாமல், மூச்சு வாங்காமல் வந்துகொண்டிருந்தது.