பார்த்துக்கொள்ள ஒருத்தி

நீதிமன்றத்துக்குப் பத்து நிமிட நடை. அந்தப் பழைய வீட்டை அவள் வாடகைக்கு எடுத்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

மாடிப்படியின் கைப்பிடி ஆடியது. சுவர்களில் ஈரம் ஏறியிருந்தது. சமையலறைக் குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத்தான் தண்ணீர் விட்டது. கூடத்தை ஒட்டி ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை. அதற்குள் குழந்தைப் பவுடர் வாசனை லேசாக நின்றது. முன்னால் குடியிருந்தவர்களுக்கும் பிள்ளை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சாமான் பெட்டிகளை அங்கே அடுக்கினாள். பிரித்து வைக்கத் தெம்பில்லை. கதவைச் சாத்தினாள்.

அவள் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாதவர்கள் சாட்சி சொல்ல வரும்போது, அவர்கள் கைகள் பேசுவதை நீதிபதிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மாதத்தில் இரண்டு நாள் கூப்பிடுவார்கள். சில மாதங்களில் அதுவும் கிடையாது. கணவன் சரக்குக் கப்பலில் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான். மற்ற நாளெல்லாம் அவளும் நாலு வயது மகளும்தான். மகள் செய்யும் சேட்டைக்கு 'வாலு' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அந்த இரண்டு நாளுக்குப் பிள்ளையை யாரிடம் விடுவது? நாலு காப்பகம் ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் ஒரே பதில்.

"தினமும் வர்ற பிள்ளைங்களைத்தாம்மா சேத்துப்போம். எப்பவாவது ஒரு நாள்னா சரிப்படாது."

கடைசியில் கிடைத்தவர் நர்ஸம்மா. ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு தெரு தள்ளி வீடு. முந்தின நாள் சாயங்காலம் சொன்னால் போதும், காலையில் வந்துவிடுவார். கையில் ஒரு சாவியும் கொடுத்துவைத்தாள். அன்றுதான் பல மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

இரண்டாவது முறை வேலைக்குப் போய்த் திரும்பியபோது நர்ஸம்மா குறைப்பட்டுக்கொண்டார்.

"பாப்பாவுக்கு ஊட்டிட்டுப் போறதுன்னா ஒரு வார்த்தை சொல்லிடும்மா. நான் தட்டோட பின்னாடியே அலையறேன், வயிறு ரொம்பிடுச்சுன்னு ஓடுது."

அவள் ஊட்டவில்லை. வாலு பொய் சொல்லப் பழகிவிட்டாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது முறை, ஒன்பது மணிக்கே வந்துவிட வேண்டும் என்று நீதிமன்ற குமாஸ்தா சொல்லியிருந்தார். எட்டே முக்காலுக்கு நர்ஸம்மாவுக்குப் போன் செய்தாள்.

"தெருமுனைக்கு வந்துட்டேம்மா. பாப்பா தூங்குதுல்ல? நீ கிளம்பு, ரெண்டு நிமிஷத்துல உள்ள இருப்பேன்."

வெளியே பூட்டிவிட்டு, பின்பக்கச் சந்து வழியாக ஓடினாள். போனை நீதிமன்ற வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். அன்று சாட்சி ஒரு கிழவர். கை நடுக்கத்தில் பாதிச் சொற்கள் சிதறின. ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டுச் சொல்லி முடிப்பதற்குள் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவது போலாகிவிட்டது.

நாலரைக்குக் கதவைத் திறந்தாள். வீடு பெருக்கியிருந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. வாலு குளித்து, வேறு சட்டை போட்டு, படம் வரைந்துகொண்டிருந்தாள். நர்ஸம்மாவைக் காணவில்லை. கொஞ்சம் முன்னாடியே கிளம்பிவிட்டார் போல, பிள்ளையைத் தனியே விட்டுவிட்டா போவது என்று எரிச்சலோடு, காலையில் அணைத்த போனை ஆன் செய்தபோது, அதுவே அடித்தது. நர்ஸம்மாவின் மகள்.

"அக்கா, காலைலேருந்து உங்களுக்கு அடிச்சிட்டே இருக்கேன். அம்மாவை வண்டி இடிச்சிருச்சு. கால் முறிஞ்சு ஆஸ்பத்திரில இருக்காங்க."

"எப்ப?"

"எட்டே முக்கால் இருக்கும். உங்க தெருமுனையிலதான். பாப்பா தனியா இருக்குமேன்னு அழுதுட்டே இருக்காங்க."

போனை வைத்தாள். மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"வாலு... உன்னைக் குளிப்பாட்டினது யாரு?"

"இருக்கறவங்க."

"யாரும்மா இருக்கறவங்க?"

"நீ போனா வருவாங்கல்ல, அவங்க."

குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். பத்து நகங்களும் ஒட்ட வெட்டியிருந்தன.

நகவெட்டி பிரிக்காத பெட்டிக்குள் இருந்தது.

சின்ன அறைக்குப் போய்ப் பார்த்தாள். பெட்டிகள் ஒட்டிய நாடா கிழியாமல் அடுக்கியபடியே இருந்தன. வேறு யாரும் இல்லை. பவுடர் வாசனை மட்டும் மூக்கை அடைத்தது.

மறுநாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், வீடு ரொம்ப நேரமாக அமைதியாக இருப்பதை உணர்ந்து எட்டிப் பார்த்தாள். சின்ன அறையின் வாசலில் வாலு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. குழந்தையின் கைகள் பேசிக்கொண்டிருந்தன. அம்மா விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்த சைகைகள்.

பசிக்கலை.

கைகள் நின்றன. எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருப்பது போல வாலு இருட்டைப் பார்த்தாள். தலையாட்டினாள். சிரித்தாள்.

பிறகு கைகள் கேட்டன.

அம்மா எப்பப் போவாங்க?

அவள் எத்தனையோ பேருடைய கைகளைப் படித்தவள். கொலையைச் சொன்ன கைகளைக்கூடக் குரல் நடுங்காமல் எடுத்துச் சொன்னவள். இந்த ஒரு வரியைப் படித்ததும் மடித்த துணி கையிலிருந்து நழுவியது.

வீடு மாற்ற அன்றே அலையத் தொடங்கினாள். கிடைப்பதற்குள் குமாஸ்தா மறுபடி கூப்பிட்டார்.

"மேடம், நாளைக்கு அந்தக் காது கேக்காத பொண்ணோட சாட்சி. ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிப்போச்சு. நீங்க வரலைன்னா எதிராளி வெளிய வந்துருவான்."

அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ராத்திரி தங்கைக்குப் பேசினாள். தங்கை பிள்ளைக்குக் காய்ச்சல். எதிர்வீட்டில் கேட்டாள், ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். காலையில் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உடம்பில் ஒரு பொட்டு வலுவில்லை.

வாலு வந்து அவள் முழங்காலைத் தட்டினாள். "நீ போம்மா. அவங்க இருக்காங்கல்ல."

அவள் எழுந்தாள். பையை மாட்டினாள். செருப்பைப் போட்டாள்.

பிள்ளையை இன்னும் தூக்கவில்லை, அது தரையில்தான் நின்றிருந்தது.

அங்கே இருப்பவர் பிள்ளையைப் பசிக்க விடவில்லை, அடிக்கவில்லை, அழவைக்கவில்லை. ஒரு நாள்தானே என்று மனசு சொன்னது. அந்த ஒரு நிமிடத்தை அவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை, கணவனிடமும்.

கை தாழ்ப்பாளைத் தொட்டது.

பின்னால் சின்ன அறையின் கதவு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்பது போல, மெல்லத் திறந்தது.

வாலு அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

ஓடிப்போய் மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். குழந்தை அவள் தோளுக்கு மேலே வீட்டைப் பார்த்துக் கையை நீட்டி வழிநெடுக அழுதது. அன்று குமாஸ்தாவின் நாற்காலியில் வாலு தூங்கினாள். அந்தப் பெண் சாட்சி சொல்லி முடித்தாள். அவர்கள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. தங்கை வீட்டில் இரண்டு வாரம். அப்புறம் வெளிச்சமான ஒரு புது வீடு. சாமான்களை வண்டிக்காரர்களே எடுத்துவந்தார்கள்.

கணவன் விடுமுறையில் வந்த மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அத்தனை மாத அலுப்பும் ஒன்றாக வந்து விழுந்தது போல உடம்பு கொதித்தது.

"நீ படு. நான் வாலுவைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான் அவன்.

மத்தியான வெயில் திரைச்சீலையில் மஞ்சளாக நின்றது. எவ்வளவு நேரம் தூங்கினாளோ தெரியாது. நெற்றியில் ஈரத்துணி ஜில்லென்று இருந்தது. போகும்போது போட்டுவிட்டுப் போயிருக்கிறான் பாவம் என்று கண்ணைத் திறக்காமலே நினைத்துக்கொண்டாள்.

துணி சூடேறவில்லை என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

கீழே தெருவில் வாலுவின் சிரிப்புக் கேட்டது. "ஓடாதே, நில்லு" என்று அவன் குரல். கேட் திறக்கும் சத்தம். இரண்டு மாடி ஏறி வர வேண்டும்.

நெற்றியிலிருந்து துணி எடுக்கப்பட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில், தண்ணீரில் முக்கி, நிதானமாகப் பிழியும் சத்தம்.

கண்ணைத் திற என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

துணி மறுபடி நெற்றியில் அமர்ந்தது. ஓரம் சரிசெய்யப்பட்டது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவ்வளவு அலுப்பாக இருந்தது.