காலியாகாத சர்வர்

மதியம் இரண்டு மணிக்கு ரூபீனா வேங்கிக்கால் அலுவலகத்தின் சர்வர் அறைக்குள் நுழைந்தபோது மரிக்கொழுந்து வாசனை அடித்தது. யாராவது தலையில் வைத்துக்கொண்டு வந்து போயிருப்பார்கள் என்று நினைத்தாள். ஏசிக் குளிருக்குத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

திருவண்ணாமலை லாட்ஜ்களின் முன்பதிவெல்லாம் அந்த அறையில்தான் ஓடியது. மூன்று சர்வர்கள் சேர்ந்து ஒரு கிளஸ்டர். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் பல மெய்நிகர் கணினிகள், ஒரே வீட்டில் பல குடித்தனங்கள் மாதிரி. மூன்றாவது சர்வர் பழசாகிவிட்டது. அதிலிருந்த பத்துக் குடித்தனங்களையும் ஓட்டம் நிற்காமல் புது சர்வருக்கு மாற்றி, பழையது காலியான பிறகுதான் அதை கிளஸ்டரிலிருந்து நீக்க வேண்டும். நாளை மறுநாள் பௌர்ணமி. முன்பதிவு ஒரு நிமிடம் நின்றாலும் ஊரே கத்தும். சிக்கலில்லாமல் முடித்தால் ரூபீனாவுக்கு வேலை நிரந்தரம்.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி முன்பு சிந்துஜாவுடையது. வேலை நிரந்தரமாக ஒரு வாரம் இருக்கும்போது காய்ச்சலில் செத்துப்போனாள். எட்டு மாதம் ஆகிறது. செத்தவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? ரூபீனா பட்டாள். வயிறெரியப் பட்டாள். பின்னே என்ன, எதைச் செய்தாலும் மேனேஜர் பிரசாத்துக்கு ஒரே பாட்டுதான்: "சிந்துஜா இருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்பாங்க."

ஒன்பது கணினிகள் சமர்த்தாக இடம் மாறின. பத்தாவதின் பெயரைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப்போனது.

சிந்துஜா.

பிரசாத்துக்குப் போன் போட்டாள். "சார், அவங்க பேர்ல ஒண்ணு இருக்குது. சும்மா சோதனைக்கு வச்சது. அதையும் மாத்தணுமா?"

"பத்தையும் மாத்திட்டு எடுங்க. அவங்க வச்சதுல எதையும் விட்றாதீங்க. எவ்ளோ நேக்கா செஞ்சிருக்காங்க, பாத்து கத்துக்கங்க."

வந்ததே ஆத்திரம்! "இங்கயே கெட, சனியனே" என்று முணுமுணுத்தாள். மாற்றாமலேயே பழைய சர்வரை நீக்கச் சொன்னாள். உள்ளே இன்னும் ஒன்று இருக்கிறது, தொடரலாமா என்று திரை கேட்டது. தொடரலாம் என்று அழுத்தினாள். அதோடு விட்டாளா? எழுந்து போய் மின்கம்பியையும் பிடுங்கினாள்.

சர்வரின் விசிறி நிற்கவில்லை.

கம்பி அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. மரிக்கொழுந்து வாசனை மூச்சை அடைத்தது. திரும்பித் திரையைப் பார்த்தாள்.

நீக்கிய சர்வர் பட்டியலில் மறுபடியும் வந்திருந்தது. அதன் கீழே இரண்டு வரிகள்.

சிந்துஜா: வெளியே மாறுகிறது.

ரூபீனா: உள்ளே மாறுகிறது.

தன் பெயரில் அவள் எதையும் உருவாக்கியதே இல்லை. இடமாற்றம் நாற்பது சதவீதம் முடிந்ததாகத் திரை காட்டியது. ஐம்பது. ரத்துசெய்யச் சொல்லி அழுத்தினாள், விரலுக்கு விசை தட்டுப்படவில்லை. கதவுக்கு ஓடினாள். கைப்பிடியைப் பிடித்த கை அதற்குள் புகுந்து வெளியே வந்தது.

காதருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

"எட்டு மாசமா பாத்துனு இருக்கேன், என் சேர்ல நீ உக்காந்துனு இருக்கறத."

"வேணாங்க... நான் போயிடறேன்ங்க..."

"எங்க போவ?"

நூறு.

கதவைத் திறந்துகொண்டு பிரசாத் வந்தான். கையில் ஒரு காகிதம். "சார்! சார்!" என்று அலறினாள் ரூபீனா. அவன் அவளைத் தாண்டி நேராக நாற்காலியிடம் போனான். நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சுதாங்க?"

"முடிஞ்சிட்டுது சார். ஒரு நிமிஷம்கூட நிக்கல."

"நீங்க இருக்கறப்ப எனக்கென்ன கவலை, சிந்துஜா! இந்தாங்க, நிரந்தர ஆர்டர்."

ரூபீனா தொண்டை கிழியக் கத்தினாள்.

பிரசாத் குனிந்து பழைய சர்வரின்மேல் காதை வைத்தான். "கரண்ட் எடுத்தாச்சே, உள்ள இன்னும் ஏதோ சத்தம் வருது?"

"ஃபேன் சார்" என்றாள் சிந்துஜா, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."