அத்தை திருப்பித் தைத்த துண்டு

இறந்துபோன அத்தையை நினைத்து எல்லாரும் ஒருநாள் கூடி உட்காரலாம் என்று நாத்தனார் கூப்பிட்டிருந்தார். நானும் கணவரும் போய்ச் சேர்ந்தபோது மாலை. மழைமேகம் கட்டி வானம் இருண்டிருந்தது. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

என் மாமியாரை நான் அத்தை என்றும், நாத்தனாரை அண்ணி என்றும்தான் கூப்பிடுவேன். அத்தை நாடகக் குழுக்களுக்கு உடை தைத்தவர். பழைய ஜன்னல் திரையைக் கொடுத்தால் மறுவாரம் அது மகாராணியாக மேடையேறும். கூடத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நடுக்காட்சியில் வில்லனின் கால்சட்டை கிழிந்துவிட, திரைக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி அத்தை தைத்துக் கொடுத்த கதைக்கு எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்புறம் அழுதேன். நான் தாயில்லாமல் வளர்ந்தவள். தோழிகள் மாமியாரைப் பற்றிப் புலம்பும்போது எனக்குச் சொல்ல ஒன்றுமே இருந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

அத்தையின் ஒட்டுப்போர்வையைக் கொண்டுவந்து காட்டலாமே என்று தோன்றியது. வீட்டுக்கு ஒருவர் புதிதாக வந்தால், பிறந்து வந்தாலும் கல்யாணமாகி வந்தாலும், அவர் உடுத்திய துணியில் ஒரு சதுரம் வெட்டி அதில் சேர்ப்பார். யாராவது இறந்தால் அந்தத் துண்டைப் பிரித்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பித் தைப்பார். மாமனாரின் சட்டைத் துண்டு அப்படித்தான் வெளிறிக் கிடக்கும்.

யாரிடமும் சொல்லாமல் மாடிக்குப் போனேன். தையல் அறையில், மெஷினில் தலை சாய்ந்தபடிதான் அத்தையின் உயிர் போனது. அன்று சாத்திய கதவை அதன்பின் யாரும் திறக்கவில்லை என்று நாத்தனார் சொல்லியிருந்தார்.

தாழ்ப்பாளை நீக்கினேன். எண்ணெய் வாடை குப்பென்று வந்தது. மேஜையிலும் அலமாரியிலும் தூசி. மெஷினில் மட்டும் இல்லை.

தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

போர்வை ஊசிக்கு அடியிலேயே கிடந்தது. கணவரின் நீலத்துண்டைச் சுற்றி, தையலுக்கு வெளியே இன்னொரு வரிசை ஊசித்துளைகள். பிரித்து, திருப்பித் தைத்து, மறுபடியும் பிரித்து நேராக்கிய துணி அது.

சில மாதங்களுக்கு முன் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று டாக்டர் கைவிரித்த அன்று, அத்தை நேராக வீட்டுக்குப் போனார். விடிந்ததும் கணவர் கண் திறந்து தண்ணீர் கேட்டார். அத்தை இறந்த செய்தியும் அப்போதுதான் வந்தது.

நீலத்துக்குப் பக்கத்தில் பச்சை. கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நுழைந்தபோது நான் உடுத்தியிருந்த துணி.

உள்பக்கம் வெளியே தெரிந்தது.

மூன்று பக்கமும் தைத்து முடிந்திருந்தது. நான்காவது பக்கத்தில், பாதி வழியில், ஊசி குத்தி நின்றது.

"நீ ஏன் இங்க வந்த?" கதவருகே நாத்தனாரின் குரல் கிசுகிசுத்தது.

"அண்ணி, நான் உயிரோடதானே இருக்கேன்?"

"அவன நேராக்கணும்னா இன்னொருத்தரத் திருப்பணும்னு அம்மா சொன்னாங்க. அவன் பெத்த பிள்ளை."

"நான்?"

"நீயும் பொண்ணு மாதிரிதான். ஆனா பொண்ணு இல்லியே."

எத்தனை வருஷம் அத்தையின் கையால் தலை வாரிக்கொண்டேன். நெஞ்சு கொதித்தது. அண்ணிக்குப் பின்னால் கணவர் வந்து நின்றார்.

"ஏங்க, உங்களுக்கும் தெரியுமா?"

அவர் தரையைப் பார்த்தார். "அம்மா முடிக்கறதுக்குள்ள போயிட்டாங்க. அதான் எனக்குத் திரும்பவும் மூச்சு வாங்குது. உங்கிட்ட சொல்லல."

கீழே யாரோ அத்தையைப் பற்றி இன்னொரு கதை சொல்ல, சிரிப்பு எழுந்தது.

பெடல் அசைந்தது.

அதன்மேல் யார் காலும் இல்லை.

டக். டக். டக். ஒவ்வொரு தையலுக்கும் என் நெஞ்சு இறுகியது. போர்வையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. கத்தரியைத் தேடினேன். அண்ணி அதை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்.

துணியின் மூலைக்கு ஒரு விரலளவு இருக்கும்போது சத்தம் மாறியது. ஊசி வெறுமனே குத்தியது. பிறகு நின்றது.

"அடி நூல் தீந்துடுச்சு," என்று அண்ணி முணுமுணுத்தார்.

எனக்கு மூச்சு வந்தது. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "வாங்க, போயிடலாம். வேற டாக்டரப் பாக்கலாம். நான் இருக்கேன்ல, உங்கள விட்டுடுவேனா?"

அவர் கண் கலங்கியது. என் கையை இறுக்கிப் பிடித்தார்.

அப்புறம் விட்டார்.

குனிந்து இழுப்பறையைத் திறந்தார். நூல் சுற்றிய பாபின் ஒன்றை எடுத்து மெஷினில் போட்டு, அடி நூலைப் பொறுமையாக மேலே இழுத்துவிட்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

சக்கரம் சுற்றத் தொடங்கியது.