மத்தியானத்து நூறு வாட்

"என்னோட சோதனை அறையில தினமும் யாரோ சூட்டைக் கொண்டுவந்து வச்சுட்டுப் போறாங்கக்கா," என்றாள் அந்தப் பெண், உட்காராமலேயே.

பொருள் போய்விட்டது என்று வருகிறவர்களைத்தான் பாய்லர் அக்கா பார்த்திருக்கிறாள். கூடிவிட்டது என்று வந்தவள் இவள்தான் முதல். வெடித்த கொதிகலன்களைக் குடைந்து பார்த்து, தப்பு யார் மேல் என்று காப்பீட்டுக் கம்பெனிகளுக்குச் சொல்வது அக்காவின் தொழில். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். உதவியாளர் அவளுடைய வீட்டுக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே, யாரும் கேட்காமல், கார் சாவியோடு துப்பறியக் கிளம்பியவர். அன்று காலையிலும் "நீங்க வீட்டுல சாப்பிட்டுட்டு ரெஸ்ட் எடுங்க" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"ஹீட்டர் வச்சிருப்பான்! ஆளைக் காட்டு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்," என்றார் வீட்டுக்காரர்.

"அந்தப் பொண்ணு முழுசா சொல்லட்டும்," என்றாள் அக்கா.

வந்தவள் இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்காக உழைப்பவள். தடித்த சுவரும் இரும்புக் கதவும் உள்ள, ஜன்னலே இல்லாத ஓர் அறைக்குள் அவள் செய்த குளிரூட்டும் இயந்திரம் ஓடுகிறது. அறைக்குள் விடும் வெப்பமும் இயந்திரம் வெளியேற்றும் வெப்பமும் சரியாக ஒத்துப்போக வேண்டும். போன மாதத்திலிருந்து பகல் முழுக்க ஓட்டுகிறாள். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போகிற நேரத்தில் கணக்கு இடிக்கிறது.

"எவ்வளவு கூடுது?"

"நூறு வாட். ஒரு குண்டு பல்ப் அளவு. காத்துல ஈரமும் ஏறுது. கொஞ்ச நேரத்துல ரெண்டும் தானா இறங்கிடும். லீவு நாள்ல கிடையாது. நடுவுல ரெண்டு நாள் வரவே இல்ல, அப்புறம் மறுபடி ஆரம்பிச்சுடுச்சு."

"உன் பேராசிரியர் என்ன சொல்றார்?"

"திரும்பச் செய்யுங்கறார். ஒரு கமா தப்பா இருந்தாலே உண்டு இல்லன்னு பண்ணிடுவார். ஆனா இந்த வரைபடத்தை ஒருதடவைதான் பார்த்தார், அப்புறம் தொடவே இல்ல. நாளைக்கு என் ஆய்வைப் பாக்கற குழு கூடுது அக்கா. கணக்கை நானே இட்டுக்கட்டினேன்னு சொல்லிடுவாங்க. நாலு வருஷமும் தண்ணியில எழுதின மாதிரிதான்."

அவளுக்குச் சந்தேகம் ஒருவன் மேல்தான். அதே ஆய்வகத்தில் அவளுக்கு எதிர் மேஜையில் உட்காருகிறவன். எல்லாரும் அவனை ஊமைக்கோட்டான் என்பார்கள். பேசமாட்டான், மத்தியானம் யாரோடும் சாப்பிட வரமாட்டான். அவன் மேல் புகார் எழுதி வைத்திருந்தாள். சாயங்காலம் அதைக் கொடுத்தால் அவன் படிப்பு போய்விடும்.

விடாத மழையில் மூவரும் ஆய்வகத்துக்குப் போனபோது சாப்பாட்டு வேளை முடிந்திருந்தது. வீட்டுக்காரர் குடையைச் சுவரில் சாத்தினார். தரையில் குளம் கட்டியது. சோதனை அறைக்குள் ஒரு ஸ்டூல் கிடந்தது, வேறொன்றுமில்லை. கதவை இழுத்துச் சாத்தியதும் மழைச்சத்தம் அறவே நின்றது. வெளியே கணினித் திரையில், அன்றைய கோடும் ஒரு மேடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் வந்தார். தன் குடையை அந்தக் குடைக்குப் பக்கத்திலேயே சாத்தினார்.

"காத்திருந்தீங்களா? வீட்டுல சாப்பிட்டுட்டு வர நேரமாயிடுச்சு. பக்கத்துத் தெருதான். வெளியில சாப்பிட்டா எனக்கு ஒத்துக்காது."

"சார் குடுத்துவச்சவர்," என்றாள் மாணவி. "தினமும் வீட்டுச் சாப்பாடு."

பின்னாலேயே கோட்டானும் வந்தான். வீட்டுக்காரர் பாய்ந்தார். "மத்தியானம் எங்கேப்பா இருந்தே?"

"பட்டறையில. மெக்கானிக் அண்ணன்கூட கேரம். இன்னிக்கு நாலு பேர் ஆடினோம், கேட்டுப் பாருங்க." அவன் மாணவியைப் பார்த்தான். "உங்ககூட வந்தா கோட்டான்னு கூப்பிடறீங்க. அங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க."

அவள் முகம் சுருங்கியது. வீட்டுக்காரர் பட்டறைவரை ஓடி, நனைந்து, தலையாட்டிக்கொண்டே திரும்பினார். பையன் சொன்னது நிஜம்.

அக்கா ஸ்டூலை வெளியே கொண்டுவந்து போட்டாள்.

"ஹீட்டர் சூடு தரும். மூச்சு விடாது. காத்துல ஈரம் ஏறிச்சுன்னா உள்ளே மூச்சு விடற உயிர் இருந்திருக்கு. சும்மா உட்கார்ந்திருக்கற ஒரு மனுஷனோட உடம்புச் சூடு கிட்டத்தட்ட நூறு வாட். யாரும் எதையும் வைக்கல. ஒருத்தர் இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு எழுந்து போயிருக்கார்."

"யாரு?" என்றார் வீட்டுக்காரர்.

"காலையிலேர்ந்து மழை விடல. நம்ம குடைக்குக் கீழே பாருங்க. அப்புறம் பக்கத்துக் குடைக்குக் கீழே பாருங்க."

பக்கத்துக் குடையின் கீழே தரை காய்ந்து கிடந்தது. பேராசிரியர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மகளோட பிரசவத்துக்குன்னு போனா என் மனைவி," என்றார். "அந்தக் குழந்தை இப்போ பள்ளிக்கூடம் போகுது. அவ வரல. இனிமே வரமாட்டா. இங்க யார்கிட்டயும் சொல்லல. முன்னாடியெல்லாம் மத்தியானம் சோதனை ஓடாது, அதனால யாருக்கும் தெரியல. வரைபடத்தைப் பார்த்ததுமே அந்த மேடு நான்தான்னு புரிஞ்சுபோச்சு. ரெண்டு நாள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தேன். முடியல. ரெண்டு இடத்துலயும் சத்தமே கிடையாது. ஆனா இந்த அறையில சத்தம் இல்லாததுக்குச் சுவர்தான் காரணம்னு சொல்லிக்கலாம்."

மாணவிக்குக் கண் கலங்கியது. கோபமும் வந்தது. "இவன் படிப்பே போயிருக்கும் சார். நீங்க பார்த்துக்கிட்டே இருந்திருப்பீங்களா?"

"தெரியல. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு," என்றார் அவர். "நாளைக்குக் குழு முன்னாடி நானே சொல்லிடறேன். அந்த நூறு வாட் நான்தான்."

அவள் புகாரைக் கிழித்தாள். கோட்டான் கொஞ்சம் தயங்கி, "சாருக்கு கேரம் தெரியுமா?" என்று கேட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

காரில் வீட்டுக்காரருக்கு வாய் ஓயவில்லை. குடையைத் தான் அப்போதே கவனித்ததாகச் சாதித்தார். அக்காவின் காதில் எதுவும் ஏறவில்லை.

"பஸ் நம்ம வாசல்லயே நிக்குது. அப்புறம் ஏன் எல்லா கேஸுக்கும் காரை எடுத்துக்கிட்டுக் கூடவே வரீங்க?"

"பஸ்ல கூட்டமா இருக்கும்," என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

அவர் கூட்டத்துக்கு அஞ்சுகிறவர் அல்ல. 'லேட்டாகும், நீங்க சாப்பிட்டுடுங்க' என்று வருஷக்கணக்காகப் போனில் சொல்லிவந்தவள் அவள்தான். ஊரார் கொதிகலனையெல்லாம் குடைந்து பார்த்தவளுக்கு, சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையைப் பார்க்கத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது அவளுக்கு.

"பசிக்குது," என்றாள். "எங்கேயாவது நிறுத்துங்க."

அவர் வேகத்தைக் குறைத்தார்.

"நீயும் சாப்பிடறியா?" என்று கேட்டார்.